சியாங் மாயில் இரண்டு பேர் சேர்ந்து தாய் சமையல் வகுப்பு: ஒருவர் சைவம், ஒருவர் எல்லாம் சாப்பிடுவார்

நடைபயணி

நவம்பரில் சியாங் மாய், இரண்டு பேர். நான் சைவம், முட்டை, பால், பூண்டு, வெங்காயம் எல்லாம் சேர்ப்பேன். கூட வரும் நண்பர் மீன், இறைச்சி எல்லாம் சாப்பிடுவார். ஒரே வகுப்பில் இருவரும் சேர முடியுமா? அரை நாள் போதுமா, முழு நாள் வேண்டுமா? ஊருக்கு வந்த பிறகு வீட்டில் செய்யக்கூடிய மாதிரி எதைக் கற்றுக்கொள்வது? தெரிந்தவர்கள் விவரமாகச் சொல்லுங்கள்.

கல்உரல்

சேரலாம். அங்கே பெரும்பாலான வகுப்புகளில் ஒவ்வொருவரும் தன் தட்டைத் தானே தேர்ந்தெடுத்துச் சமைப்பதுதான் வழக்கம். வறுவல், சூப், கறி, இனிப்பு அல்லது ஸ்நாக்ஸ் என்று வகை பிரித்து, வகைக்கு மூன்று நான்கு பெயர் கொடுப்பார்கள். வகைக்கு ஒன்று நீங்கள் எடுக்க வேண்டும்.

அரை நாள் வகுப்பு 4 முதல் 5 மணி நேரம். பழைய நகரத்துக்குள் தங்கினால் வந்து ஏற்றிக்கொள்வார்கள், சந்தையில் அரை மணி நேரம் சுற்றிக் காட்டுவார்கள், பிறகு சமையல். ஆளுக்கு ஏறக்குறைய 1000 பாத், கொஞ்சம் கூடக் குறைய இருக்கும். முழு நாளில் ஆறு தட்டு வரை போகும். ஒவ்வொன்றையும் சமைத்த கையோடு சாப்பிட வைப்பதால் நான்காவது தட்டிலேயே வயிறு நிறைந்துவிடும், ஐந்தாவதை யாரும் கவனமாகச் சமைப்பதில்லை. அரை நாள் போதும், அதிலும் காலை வகுப்பு. சாயங்காலம் போனால் சந்தையில் கடைகளை மூடிக்கொண்டிருப்பார்கள், கீரையும் வாடியிருக்கும்.

இரண்டு பேர் போவதில் பெரிய லாபம் ஒன்று உண்டு. எந்த வகையிலும் இருவரும் ஒரே தட்டை எடுக்காதீர்கள். நான்கு வகை என்றால் எட்டுத் தட்டு கண்ணில் பட்டுவிடும், எட்டின் செய்முறையும் கைக்கு வரும். ஒருவர் வாணலியில் நிற்கும்போது மற்றவர் அளவை எழுத வேண்டும். அங்கே எல்லாவற்றையும் சின்னக் கிண்ணங்களில் முன்கூட்டியே அளந்து வைத்திருப்பார்கள், நாம் கொட்டுவது மட்டும்தான். கிண்ணத்தில் இருந்தது எவ்வளவு என்று கேட்டு எழுதாவிட்டால் வீட்டுக்கு வந்தபின் ஒன்றும் நிற்காது. கையில் கொடுக்கும் செய்முறைப் புத்தகத்தில் 'சிறிது', 'தேவைக்கு' என்று இருக்கும்.

பணம் கட்டும் முன் செய்தி அனுப்பிக் கேளுங்கள்: ஆளுக்கு ஓர் அடுப்பா, இருவருக்கு ஒன்றா? கறி விழுதை நாமே உரலில் இடிக்கிறோமா, இடித்து வைத்ததைக் கொடுப்பார்களா? ஒரு குழுவில் எத்தனை பேர்? பத்துப் பேருக்கு மேல் போனால் ஆசிரியரால் ஒவ்வொரு வாணலியையும் பார்க்க முடியாது. இவற்றில் விழுது பற்றிய கேள்விதான் முக்கியம். இடித்து வைத்ததைக் கொடுக்கும் இடத்தில் நீங்கள் கற்பது தேங்காய்ப்பாலில் கலக்குவதை மட்டும்தான். அதற்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம்.

சைவச்சட்டி

சைவம்னு சொன்னதும் அவங்க தலையாட்டிடுவாங்க. ஆனா அவங்க மனசுல 'இறைச்சித் துண்டு போடாம டோஃபு போடணும்'கிற அளவுதான் இருக்கும். மீன் எங்கெல்லாம் ஒளிஞ்சிருக்குன்னு தெரிஞ்சுக்கிட்டுப் போங்க:

நாம் ப்லா, அதாவது ஃபிஷ் சாஸ், கிட்டத்தட்ட எல்லாத்துலயும் இருக்கும். கறி விழுதுல கபிங்கிற இறால் விழுது. வறுவல்ல ஆய்ஸ்டர் சாஸ். பத் தாய்ங்கிற நூடுல்ஸ் வறுவல், சோம் தம்ங்கிற பப்பாளிக்காய் சாலட் ரெண்டுலயும் காய்ஞ்ச இறால். தோம் யம்ங்கிற புளிப்புக் கார சூப்புல போடுற நாம் ப்ரிக் பாவ்ங்கிற மிளகாய் ஜாம்லயும் காய்ஞ்ச இறால் அரைச்சிருப்பாங்க, இதை ரொம்பப் பேர் கவனிக்கிறதில்லை. சூப்புக்கு ஊத்துற தண்ணி கோழி ஸ்டாக்கா இருக்கலாம், வெறும் தண்ணி கேளுங்க.

ரெண்டு வார்த்தைக்கு வித்தியாசம் இருக்கு. 'கின் ஜே'ன்னு சொன்னா மீன், முட்டை, பாலோட பூண்டு வெங்காயமும் போயிடும். உங்களுக்கு அது வேண்டாம். 'மங்சவிரட்'னு சொல்லுங்க. கூடவே 'மாய் சாய் நாம் ப்லா, மாய் சாய் கபி, மாய் சாய் நாம் மன் ஹோய், மாய் சாய் குங் ஹேங்'. ஃபிஷ் சாஸ், இறால் விழுது, ஆய்ஸ்டர் சாஸ், காய்ஞ்ச இறால் போடாதீங்கன்னு அர்த்தம். முட்டைக்கும் கோழிக்கும் தாய்ல கிட்டத்தட்ட ஒரே ஒலி, நம்ம காதுக்கு ரெண்டும் 'காய்'தான். வாயால சொல்லாம தாய் எழுத்துல போன்ல காட்டுங்க.

மாத்துப் பொருள் அங்கேயே இருக்கு. ஆய்ஸ்டர் சாஸுக்கு காளான் சாஸ். ஃபிஷ் சாஸுக்கு வெளிர் சோயா சாஸ், ஆனா அதே அளவு போட்டா உப்பு குறையும். ஒரு மேசைக்கரண்டி ஃபிஷ் சாஸுக்கு ஒண்ணரை மேசைக்கரண்டி சோயா சாஸ், இல்லேன்னா ஒரு மேசைக்கரண்டி சோயா சாஸும் ஒரு சிட்டிகை உப்பும். கபிக்கு சியாங் மாய்ல ஒரு அருமையான மாத்து உண்டு: துவா நாவ். சோயாவைப் புளிக்க வெச்சு வட்டத் தட்டையா வெயில்ல காய வெச்சது, பார்க்க அப்பளம் மாதிரி இருக்கும். நெருப்புல வாட்டி விழுதோட இடிச்சா அந்த ஆழமான வாசனை வந்துடும். சந்தைக்குப் போறப்பவே வாங்கி ஆசிரியர் கையில கொடுங்க, சந்தோஷமா இடிக்கக் கொடுப்பாங்க.

உரல், வாணலி, கரண்டி தனியா வேணும்னா முந்தின நாளே சொல்லணும். அலர்ஜி இருக்கிறவங்களுக்கும் இதுதான் விஷயம்: நிலக்கடலை இடிச்ச உரல்லயே அடுத்தவரோட விழுதும் இடிபடும்.

நடைபயணி

ரொம்ப நன்றி. துவா நாவ் பற்றி இப்போதுதான் கேள்விப்படுகிறேன். விழுதுதான் முக்கியம் என்கிறீர்கள், கல்உரல். பச்சைக் கறி விழுதை அளவோடு சொல்ல முடியுமா? முன்னாலேயே தெரிந்தால் வகுப்பில் கவனிக்க வசதி. இரண்டு பேரும் ஓர் உரலில் இடிக்கலாமா?

கல்உரல்

ஓர் உரலில் மாறி மாறி இடிப்பதுதான் நல்லது. ஒரு கைக்கு 15 முதல் 20 நிமிடம் ஆகும், பாதியில் தோள் தளர்ந்துவிடும். ஆனால் உங்கள் பங்கில் கபி இல்லை, நண்பர் பங்கில் உண்டு. கபி கடைசியில்தான் சேரும் என்பதால் அதற்கு முன் பாதியை எடுத்து வைத்துவிடுங்கள்.

நான்கு பேருக்கான அளவு:

மல்லி விதை 1 தேக்கரண்டி, சீரகம் அரை தேக்கரண்டி, வெள்ளை மிளகு கால் தேக்கரண்டி. மல்லியையும் சீரகத்தையும் வெறும் வாணலியில் வாசனை வரும்வரை வறுக்க வேண்டும்.
எலுமிச்சைப்புல் 2 தண்டு. அடிப்பக்கம் 8, 10 செ.மீ. மட்டும்.
பேரரத்தை நறுக்கியது 1 மேசைக்கரண்டி.
மக்ருட் எலுமிச்சையின் (கரடுமுரடான தோலுள்ள தாய் எலுமிச்சை) பச்சைத் தோல் 1 தேக்கரண்டி.
கொத்தமல்லி வேர் 3.
காரமான சிறிய பச்சை மிளகாய் 15. நிறத்துக்காகக் காரம் குறைந்த பெரிய பச்சை மிளகாய் 3, விதை நீக்கி.
பூண்டு 6 பல், சின்ன வெங்காயம் 5.
உப்பு அரை தேக்கரண்டி, கபி 1 தேக்கரண்டி.

வரிசை மாறக்கூடாது. காய்ந்த மசாலா முதலில், பொடியாகும்வரை. அதை எடுத்து வைத்துவிட்டு, உப்போடு எலுமிச்சைப்புல், பேரரத்தை, மக்ருட் தோல். உப்பு மணல் போல உராய்ந்து நாரை அறுக்கும். நார் கண்ணுக்குத் தெரியாமல் போகும்வரை அடுத்ததைப் போடாதீர்கள். பிறகு வேர், மிளகாய். பூண்டும் வெங்காயமும் ஈரம் என்பதால் அதற்குப் பின்தான். ஈரத்தை முன்னால் போட்டால் உலக்கை வழுக்கும், நார் அப்படியே நிற்கும், மிளகாய்ச் சாறு கண்ணில் தெறிக்கும். கடைசியில் மசாலாப் பொடியும் கபியும்.

அங்கே அதிகம் நடக்கும் தவறு எலுமிச்சைப்புல்லை நீளவாக்கில் நறுக்குவது. நார் நீளமாகவே இருந்து பல்லில் சிக்கும். குறுக்கே, காகிதம் போல மெல்லிய வட்டமாக நறுக்க வேண்டும். மக்ருட் தோலில் வெள்ளைப் பகுதி சேர்ந்தால் கறி கசக்கும்.

கையையும் கவனியுங்கள். உலக்கையை நேராகக் குத்தாமல் உரலின் சரிவில் அடிக்க வேண்டும், இடது கை உரலின் வாயை மூடியிருக்க வேண்டும். விழுது சரியாக வந்ததா என்பது ஓசையில் தெரியும்: கல்லோடு கல் மோதும் 'டக்' ஓசை போய் 'சத்' என்று மெத்தென்ற ஓசை வரும். அப்போது விரலில் எடுத்துத் தேய்த்தால் நறநறப்பு இருக்காது.

இருவருக்கு 2 மேசைக்கரண்டி விழுது, 400 மி.லி. தேங்காய்ப்பால் கணக்கு.

தேசிப்புளி

யாழ்ப்பாணத்துச் சமையல் தெரிந்த ஆக்கள் ஒரு விசயத்தைக் கவனிக்க வேணும். நாங்கள் தலைப்பாலைக் கடைசியில் விட்டு, கொதிக்க முன்னம் இறக்குவம். தாய் பச்சைக் கறியில் அது நேர் எதிர். கெட்டிப்பாலில் 100 மி.லி. அளவை முதலே வாணலியில் விட்டு, நடுத்தர நெருப்பில் எண்ணெய் பிரியும் வரை கொதிக்க விட வேணும். 5, 6 நிமிசத்தில் ஓரத்தில் பளபளவென்று எண்ணெய் மிதக்கும், பால் குமிழ் விட்டுத் தடிக்கும். அந்த எண்ணெயில்தான் விழுதை வதக்கிறது. பச்சை வாசம் போய், விழுது எண்ணெயைக் கக்கினால்தான் மிச்சப் பாலை விட வேணும்.

பெட்டிப் பாலில் எண்ணெய் பிரியாமல் விட்டால் உங்கள் பிழை இல்லை. பிரியாமல் இருக்க அதில் எமல்சிஃபயர் சேர்த்திருப்பார்கள். பெட்டியில் தேங்காயும் தண்ணீரும் மட்டும் எழுதியிருக்கிறதை எடுங்கோ. கிடைக்காட்டில் ஒரு மேசைக்கரண்டி தேங்காயெண்ணெய் விட்டு விழுதை வதக்கலாம்.

தோம் கா சூப்புக்கு இதைச் செய்யக்கூடாது, அதில் பால் வெள்ளையாய் நிக்க வேணும். மெல்லிய நெருப்பு, ஓரத்தில் சின்னக் குமிழ் மட்டும். தேசிக்காய்ச் சாறு, அதாவது எலுமிச்சைச் சாறு, அடுப்பை அணைச்ச பிறகு. கொதிக்கிற பாலில் புளி விட்டால் திரையும், மணமும் பறந்து போகும். தோம் யம்முக்கும் புளி கடைசியில்தான்.

வாணலி

விழுது, பால் சொல்லியாகிவிட்டது. வறுவலில் பத் தாய் எடுப்பவர்களுக்கு இது. வகுப்பில் நன்றாக வரும், வீட்டில் களியாகும். காரணம் மூன்றுதான்.

முதலாவது ஊறல். 3 மி.மீ. அகல அரிசி நூடுல்ஸை வெந்நீரில் போடக்கூடாது. சாதாரணத் தண்ணீரில் 30 முதல் 45 நிமிடம். விரலில் சுற்றினால் முறியாமல் வளைய வேண்டும், கடித்தால் உள்ளே பச்சையாக இருக்க வேண்டும். மீதி வேக்காடு வாணலியில் சாஸைக் குடித்து நடக்கும். வகுப்பில் ஊறியதைக் கையில் கொடுப்பார்கள், அதனால் இந்தப் படி யாருக்கும் தெரிவதில்லை. ஒரு நூலை எடுத்து வளைத்துப் பார்த்துக் கையில் பதிய வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது கூட்டம். ஒரு தடவைக்கு ஒரு தட்டு, உலர் நூடுல்ஸ் 80 முதல் 100 கிராம். இரண்டு தட்டு ஒன்றாகப் போட்டால் வாணலி ஆறிவிடும், வறுபடுவதற்குப் பதில் ஆவியில் வேகும். வீட்டில் இண்டக்‌ஷன் அடுப்பு என்றால் இன்னும் கண்டிப்பு.

மூன்றாவது சாஸ். இரண்டு தட்டுக்குப் புளிக்கரைசல் 3 மேசைக்கரண்டி, பனைச்சர்க்கரை 3, ஃபிஷ் சாஸ் 2. சர்க்கரை கரையச் சூடாக்கி முன்னாலேயே வைத்திருக்க வேண்டும். நம் பழைய புளி கறுப்பு, புளிப்பும் கூடுதல். 2 மேசைக்கரண்டி கரைசலோடு 1 மேசைக்கரண்டி தண்ணீர் போதும். பனைச்சர்க்கரைக்குப் பதில் கருப்பட்டி போடாதீர்கள், அதன் புகை வாசனை எல்லாவற்றையும் அமுக்கிவிடும். வெளிர் வெல்லம் சரி.

எண்ணெய் 2 மேசைக்கரண்டி, கெட்டி டோஃபு, சின்ன வெங்காயம், உப்பில் பதப்படுத்திய இனிப்பு முள்ளங்கி ஒரு நிமிடம். நூடுல்ஸ், பாதி சாஸ். விறைப்பாக இருந்தால் 2 மேசைக்கரண்டி தண்ணீர் தெளிக்கலாம். ஓரம் ஒதுக்கி முட்டை, அது பாதி இறுகியதும் நூடுல்ஸை மேலே தள்ளிப் புரட்ட வேண்டும். அடுப்பை அணைத்துவிட்டு முளைப்பயறு, பூண்டுத்தாள், கடலை. சைவத்துக்கு ஃபிஷ் சாஸைச் சைவச்சட்டி சொன்னபடி மாற்றி, காய்ந்த இறாலை விட்டுவிட்டு முள்ளங்கியைக் கொஞ்சம் கூட்டினால் போதும்.

சைவச்சட்டி

வாணலி சொன்ன அந்த முள்ளங்கிதான் சைவ பத் தாய்க்கு உயிர். அதை விட்டா வெறும் புளி நூடுல்ஸ் ஆயிடும். பாக்கெட்டா வாங்கி வந்தா பிரிட்ஜ்ல மாசக்கணக்கா இருக்கும்.

நடைபயணி

சந்தையில் அரை மணி நேரம்தான் என்றால் எதைப் பார்ப்பது? ஊரில் கிடைக்கும் பொருள், கிடைக்காத பொருள் என்று பிரித்துச் சொன்னால் உதவியாக இருக்கும்.

கல்உரல்

பழைய நகரத்தில் தங்கினால் சோம்பெட் சந்தைக்கு அழைத்துப் போக வாய்ப்பு அதிகம். பெரிய சந்தை பார்க்க வேண்டுமென்றால் வகுப்பு இல்லாத காலையில் வாரோரோட் போங்கள்.

இலைகளை முகர்ந்து பிரித்துக்கொள்ளுங்கள். கப்ராவ் நம் துளசியேதான், அதே இனம். அங்கே அதை வறுவலில் கைப்பிடியாக அள்ளிப் போடுவார்கள். ஹோராபா சோம்பு மணம் கொண்டது, பச்சைக் கறிக்கு அதுதான், நம் திருநீற்றுப்பச்சிலையின் இனம். கறிக்குத் துளசி போட்டால் கிராம்பு போலக் காரமாக அடிக்கும், வறுவலுக்கு ஹோராபா போட்டால் சுவை சப்பென்று இருக்கும். இரண்டையும் அடுப்பை அணைத்த பிறகுதான் போட வேண்டும்.

'கா' என்று அவர்கள் சொல்வது நம் நாட்டு மருந்துக் கடையின் பேரரத்தைதான். ஆனால் கடையில் கிடைப்பது காய்ந்த கட்டை, உரலில் மசியாது. பச்சைக் கிழங்கு தேடுங்கள். இஞ்சியை மாற்றாகப் போட்டால் அது வேறு கறி. கொத்தமல்லி வேர் நமக்குப் பிரச்சினையே இல்லை, நம் சந்தையில் கட்டே வேரோடுதான் வரும், வெட்டி எறிவதைச் சேர்த்து வையுங்கள். மக்ருட் இலைக்குத்தான் மாற்று இல்லை. நார்த்தை இலை கொஞ்சம் பக்கத்தில் வரும், அவ்வளவே.

தேசிப்புளி

பண்டான் எண்டு அவர்கள் இனிப்புக்குப் போடுறது எங்கட ரம்பை இலை. இலங்கைச் சாமான் கடைகளில் கிடைக்கும். எங்களுக்கு அது இறைச்சிக் கறிக்கு, அவர்களுக்குப் பலகாரத்துக்கு.

வாணலி

கொண்டுவருவது பற்றி. பச்சை இலை, கிழங்கு, செடி எதையும் பெட்டியில் வைக்காதீர்கள். தாவரப் பொருள் இந்தியாவுக்குள் வர 2003 ஆம் ஆண்டின் தாவரத் தொற்றுத்தடை ஆணைப்படி சான்றிதழ் வேண்டும், இல்லாவிட்டால் விமான நிலையத்தில் பறிபோகும். கடையில் சீல் செய்த விழுது டப்பா என்றால் செக்-இன் பெட்டியில் வையுங்கள். கைப்பையில் விழுதும் திரவக் கணக்குதான், 100 மி.லி. எல்லை அதற்கும் உண்டு. சைவத்துக்கு வாங்கும்போது டப்பாவின் மேல் மஞ்சள் பின்னணியில் சிவப்பு 'ஜே' எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள்.

கல் உரல் வாங்காதீர்கள், சில கிலோ எடை. வீட்டில் அம்மி இருந்தால் இந்த விழுதுக்கு அதைவிட நல்லது இல்லை. மிக்ஸியில் அரைப்பவர்கள் தண்ணீர் விடாமல் 2 மேசைக்கரண்டி தேங்காய்ப்பால் விட்டு அரைக்கலாம். மீந்ததை ஐஸ் தட்டில் உறைய வைத்தால் ஒரு கட்டி ஓர் ஆளுக்கு.

நடைபயணி

எல்லாம் குறித்துக்கொண்டேன். இப்படி எடுக்கலாமா?

நான்: பத் தாய், தோம் கா, பச்சைக் கறி, மாம்பழமும் ஒட்டரிசியும்.
நண்பர்: பத் கப்ராவ், தோம் யம், காவோ சோய், சோம் தம்.

கல்உரல்

நல்ல பட்டியல், இரண்டு திருத்தம். காவோ சோய் வடக்குத் தாய்லாந்தின் கறி நூடுல்ஸ், சியாங் மாயில் அதைக் கற்பதுதான் முறை. ஆனால் அதன் விழுது வேறு: காய்ந்த மிளகாய், மஞ்சள், கறிமசாலாத் தூள். ஒரு காலையில் இருவர் இரண்டு விழுது இடிக்க நேரமும் இரண்டு உரலும் வேண்டும். நேரம் இல்லை என்று சொன்னால் பச்சை விழுதை இடியுங்கள், காவோ சோய் விழுதை வாங்கிக்கொள்ளலாம். நவம்பரில் லோய் கிராதோங், யீ பெங் விழாக்கூட்டம் இருக்கும், முழுநிலவை ஒட்டிய நாட்கள் என்றால் முன்பதிவை இப்போதே செய்துவிடுங்கள்.

மாம்பழத்துக்கு நவம்பர் பருவம் இல்லை. நல்ல நாம் டோக் மாய் ரக மாம்பழம் மார்ச் முதல் ஜூன் வரைதான். ஒட்டரிசி மட்டும் கற்க வேண்டுமென்றால் கணக்கு இது: 250 கிராம் அரிசியை 4 மணி நேரமாவது ஊறவைத்து, மூங்கில் கூடையில் 20, 25 நிமிடம் ஆவியில், நடுவில் ஒருமுறை புரட்டி. 200 மி.லி. கெட்டித் தேங்காய்ப்பால், 100 கிராம் சர்க்கரை, அரை தேக்கரண்டி உப்பு சூடாக்கி, சூடான அரிசியில் ஊற்றி 20 நிமிடம் மூடி வைக்க வேண்டும். அரிசி ஆறிவிட்டால் பால் உள்ளே இறங்காது.

சைவச்சட்டி

மாம்பழத்துக்குப் பதிலா க்லுவாய் புவாட் ச்சீ கேளுங்க, தேங்காய்ப்பால்ல வாழைப்பழம். வருஷம் முழுக்கக் கிடைக்கும், முழு சைவம். 'நாம் வா'ங்கிற குட்டைப் பழம் போடுவாங்க. காம்புப் பக்கம் இன்னும் பச்சை தெரியுற பழமா எடுக்கணும், நல்லாப் பழுத்தது பால்ல கரைஞ்சு கூழாயிடும்.